கல் பட்டதாகச் சொன்ன கண்ணாடி

செஞ்சி,
3.9.2024

ஷோபனா,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுமுன் படித்துவிடு.

இன்று இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் காரைப் பார்க்க வந்தார். என் பார்லர் வாசலில்தான் கார் நின்றது. உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த கல்யாணப் பெண், அவள் அம்மா, பக்கத்துப் பூக்கடைக்காரர் எல்லோர் காதிலும் விழும்படி, "இன்னாம்மா, கல்லு பட்டு ஒடஞ்சிதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. கல்லு பட்டா கண்ணாடி ஒடையும், கதவுப் பூட்டு எப்பிடி வளையும்?" என்றார். "பொய் சொல்லி க்ளெய்ம் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பொய் யாருடையது? ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். சாமி கும்பிட்டுத் திரும்பினால் கார்க் கதவை நெம்பி, கண்ணாடியை உடைத்து, பாட்டு டேப்பையும் மேக்கப் பெட்டியையும் வாடகைக்கு விடும் நகை செட்டையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அழுதுகொண்டே முதலில் உனக்குத்தான் போன் செய்தேன். "போலீசுக்குப் போனா இழுத்தடிப்பாங்கடி. கல்லு பட்டுச்சுன்னு எழுது, சீக்கிரம் முடிச்சுத் தரேன்" என்றாய். நகை செட்டைக் கேட்டதற்கு, "அதையும் பாத்துக்கலாம்" என்றாய். காருக்குள் வைத்த பொருளுக்கு இந்தப் பாலிசியில் ஒன்றும் கிடையாதாம்! வந்த ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

நீ ஏஜென்ட் ஆனதும் முதல் பாலிசி போட்டவள் நான். பதில் சொல்.

சுமா


விழுப்புரம்,
9.9.2024

அன்புச் சுமாவுக்கு,

நலமா? வேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடப்பாய், எனக்குத் தெரியும். எழிலரசன் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உனக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். இப்போது கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உடைந்ததைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது, நீயாகத்தான் எழுதிக் கொடுத்தாய் என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை சுமா. ஏஜென்சி போனால் என் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். உனக்குக் கடை இருக்கிறது, அண்ணன் சம்பாத்தியம் இருக்கிறது.

உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல்லிவிடு. எனக்காக.

உன் ஷோபி


செஞ்சி,
14.9.2024

திருமதி ஷோபனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "இன்னா பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் இருவரும் போலீஸ் ஸ்டேஷன் போனோம். "திருட்டு போன அன்னிக்கே ஏம்மா வரல?" என்று கத்தினார்கள். கத்தட்டும் என்று நின்றேன். புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். கல் பட்டதாகச் சொன்னது பொய், எழுதியது நான், எழுதச் சொன்னது நீங்கள் என்று நடந்ததை நடந்தபடி. க்ளெய்ம் இனி வராது. கண்ணாடி கைக்காசில் போட்டாயிற்று.

உங்கள் பிழைப்பைக் கெடுக்க எழுதவில்லை. ஆனால் என் பெயரும் இந்த ஊரில்தான் பிழைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் நகையோடு மணப்பெண்ணை என்னிடம் தனியாக விட்டுப் போவார்கள். பொய்க்காரி என்று ஆன பிறகு யார் விடுவார்கள்? அன்றைக்கு வந்த பெண்ணின் அம்மா, நான் அலங்காரம் முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

‘தப்பாச் சொல்லிட்டேன்டி’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், பழியை நான் ஒருத்தியே ஏற்றிருப்பேனோ என்னவோ. அந்த வரியைத் தேடித்தான் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பேன். ‘வாடி’ என்று கூப்பிடத்தான் வராது.

இப்படிக்கு,
எ. சுமலதா