மருந்துக்கடை மாமாவுக்கு ஒரு ஓட்டு

மார்ச் 4
நான் வேலை செய்யும் சலவைக் கடையில் இன்று துணி குறைவு, பேச்சு அதிகம். நாட்டுத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. வட்டாரத்துக்கு ஒருவரை அனுப்புவோம். அவர்கள் தலைநகரில் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை போட்டி டீச்சரம்மாவுக்கும் தளபதிக்கும். டீச்சரம்மா வந்தால் எல்லையில் இருக்கும் பையன்களை உடனே வீட்டுக்கு அனுப்புவாராம். தளபதி வந்தால் இன்னும் இரண்டு வருஷம்.

அண்ணன் அங்கேதான் இருக்கிறான்.

மார்ச் 9
எங்கள் வட்டாரத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கறிக்கடைக்காரர் டீச்சரம்மா பக்கம். தெருவே அதிரக் கத்துகிறார். மருந்துக்கடை மாமா யார் பக்கம் என்று சொல்லவில்லை.

"கறிக்கடைக்காரனா? எடையில கை வைக்கிறவன்," என்றாள் அம்மா. "மாமா தங்கமான மனுஷன். யாரைத் தேர்ந்தெடுக்கணும்னு அவருக்குத் தெரியாதா?"

தெரு முழுக்க இதே பேச்சு. அவரையே கேட்டால் என்ன? இன்று அவர் சட்டை கொடுக்க வந்தபோது வாய் வரை வந்தது. "மடிச்சுத் தரவா, ஹேங்கர்ல மாட்டித் தரவா மாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் நான்.

மார்ச் 15
என் முதல் ஓட்டு. சீட்டில் டீச்சரம்மா பெயரும் இல்லை, தளபதி பெயரும் இல்லை. மாமா பெயருக்கு நேரே குத்தினேன்.

மார்ச் 16
மாமா ஜெயித்துவிட்டார்.

ஏப்ரல் 2
தளபதி. ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் வட்டார ஓட்டும் அவருக்குத்தான்.

அம்மா ரேடியோவை நிறுத்தவில்லை. அடுத்து ஏதோ பாட்டு போட்டார்கள், அதுவும் ஓடி முடிந்தது.

தளபதி வேண்டும் என்று சொன்ன ஒருவரைக்கூட எங்கள் தெருவில் எனக்குத் தெரியாது. அப்புறம் எப்படி?

ஏப்ரல் 6
மாமா சட்டை வாங்க வந்தார். கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா அவருக்குப் போட்டீங்க?"

கோபப்படவில்லை. "யாருக்குப் போடணும்னு நீங்க யாராவது எங்கிட்ட சொன்னீங்களாம்மா? என் மனசுக்குப் பட்டதைச் செய்யத்தானே அனுப்புனீங்க."

"அண்ணன் அங்க இருக்கானே மாமா."

"தைரியமான பையன். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வந்து வாங்கிக்க."

அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான் — இதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்குத் தெரியுமா? கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது இருப்பேன்.

ஏப்ரல் 11
மாத்திரை வாங்கப் போனேன். வேறு கடை இல்லை.

ஏப்ரல் 19
அண்ணன் போன் பண்ணினான். இந்த வருஷம் லீவும் கிடையாதாம். "பரவால்ல, பழகிருச்சு," என்றான்.

சாயங்காலம் அம்மா அவன் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தாள். "நடக்க இடிக்குது," என்றாள். இத்தனை நாள் இடிக்கவில்லை. நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.