நாலாவது பத்து

என் அன்புச் சவரி அண்ணனுக்கு,

வழக்கு முடிந்துவிட்டது. உன்னை அடித்துக் கொன்றவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். கதிரடிக்கும் களத்தில் அத்தனை பேர் இருந்தும், சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அறுப்புக் கூலியில் ஒரு படி நெல் கூட்டிக் கேட்டாய். அவ்வளவுதானே நீ செய்தது? ஆட்சி மாறிற்று, சுவரெல்லாம் புதுக்கொடி வரைந்தார்கள். மிராசுதார் மட்டும் மாறவில்லை.

எழுதவே கை கூசுகிறது. நான் இன்னும் அவர் வயலில்தான் நடவு நடுகிறேன். வேறு எங்கே போக? உன்னை அடித்த பண்ணைக் காரியக்காரர் வரப்பில் நின்று, "நெருக்கி நடு புள்ள" என்கிறார். நானும் குனிந்து நெருக்கி நடுகிறேன்.

தீர்ப்பைக் கேட்டபின் அம்மா யாரோடும் பேசாமல் இருந்தாள். கஞ்சியைக் கையில் கொடுத்தால், ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே வைத்திருப்பாள். நீ போனபோது மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், அதனால் பிழைத்தாள். தீர்ப்புக்குப்பின் அழுகையும் இல்லை. அடுத்தது அம்மாதான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

பங்குச் சாமியார் வந்தார். "எல்லாத்தையும் ஆண்டவர் கையில விட்டுடுங்கம்மா" என்றார். உன்னையும் அவர் கையில்தானே விட்டிருந்தோம்? வந்த கோபத்தில், சாமியார் என்றும் பாராமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

நம் வீட்டுச் செபமாலை நினைவிருக்கிறதா? விளக்கு வைத்ததும் உட்கார்ந்து, ஐந்து பத்து மணிகளையும் ஆள் மாற்றி ஆள் உருட்டுவோம். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் மாதா செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்போம். நாலாவது பத்து உன்னுடையது. விவசாயச் சங்கக் கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று மூச்சுவிடாமல் ஓட்டுவாய். "மெதுவாச் சொல்லுடா, மாதா என்ன பஸ்ஸா புடிக்கப் போறா?" என்று அம்மா திட்டுவாள்.

நீ போனபின் உன் பத்தை நான் சொல்லிப் பார்த்தேன். முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. அதிலிருந்து நானும் தம்பியும் மூன்றாவதை முடித்து நேரே ஐந்தாவதற்குத் தாண்டிவிடுவோம். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

முந்தாநாளும் அப்படித்தான் தாண்டினேன். திடீரென்று, "அவன் பத்து எங்கடி?" என்றாள் அம்மா. அவள் குரலே எனக்கு மறந்துபோயிருந்தது.

"சொல்ல ஆள் இல்லையேம்மா."

"அவன் சொல்லுவான். நம்ம பாதிய நாம சொல்லுவோம்."

மணியைப் பிடித்தாள். நீ உன் பாதியைச் சொல்லி முடிக்கும்வரை சும்மா இருந்தாள். பிறகு எங்கள் பாதியை, மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று முடிகிறதே, அதைச் சொன்னாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஒவ்வொரு மணிக்கும் அப்படியே காத்திருந்தாள். நீ ஒருநாளும் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை.

உன் குரல் எனக்குக் கேட்கவில்லை அண்ணா. கேட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். வாய்க்காலில் தவளைதான் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் பத்து முடிவதற்குள் அம்மாவின் வாய் கோணி, கண்ணீர் கொட்டிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கஞ்சியக் கொண்டா" என்றாள். பாதிதான் குடித்தாள்.

உனக்கு நியாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அவர்களை மன்னிக்கவும் முடியாது. நாங்கள் சொல்வது மேலே யாருக்காவது கேட்கிறதா என்பதும் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்வேன். விளக்கு வைத்ததும் உன் பாதிக்கு இடம் விட்டு, எங்கள் பாதியைச் சொல்வேன். அவசரம் இல்லை, நீ மெதுவாகவே சொல்.

உன் மறுபாதியைச் சொல்லும் தங்கச்சி,
சகாயம்