இருட்டறைக்கு வெளியே ஒரு முக்காலி

“இதுக்குள்ள நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

நீங்கள் கேட்ட இந்தக் கேள்வி நேற்று என் சமையலறையில் மறுபடி காதில் விழுந்தது. மீன் குழம்பு பொங்கி வழிந்து, அடுப்பின் நீலத் தீ சட்டென்று மஞ்சளானது. உப்பு பட்டால் தீ மஞ்சளாகும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் கை போனது. “வாப்பா மௌத்தாயிட்டாங்க மாமி” என்று நீங்கள் இறந்த செய்தியை உங்கள் மகன் தொலைபேசியில் சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம். திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நான் நெரவி, நீங்கள் திருமலைராயன்பட்டினம். ஆய்வகத்தில் இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது, “பிரெஞ்சுக்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்குங்க” என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நமக்குத் தெரிந்த பிரெஞ்சைச் சேர்த்தாலும் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது. எல்லோரும் உங்களை ‘பாய்’ என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எனக்கு முத்து முத்தான கையெழுத்து. அதுதான் வினை. பி.எஸ்சி.யில் என்னோடு சேர்ந்த பையன்கள் கருவியைப் பார்ப்பார்கள், நான் எழுதுவேன். ஒளிப் பரிசோதனை என்றால் அவர்கள் இருட்டறைக்குள் போவார்கள். நான் கதவுக்கு வெளியே நோட்டோடு நிற்பேன். தேர்வில் எனக்கு விழுந்தது ஊசல். வெளிச்சத்தில் செய்வது, தப்பித்தேன்.

முதல் வாரத்தில் என் பழைய பி.எஸ்சி. நோட்டைப் புரட்டிக்கொண்டே, ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைக் காட்டி, இதுக்குள்ள எப்பவாவது பாத்திருக்கீங்களா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நோட்டை மூடினீர்கள்.

“அப்ப இதுல இருக்கறதெல்லாம் யாரோட கண்ணு?”

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பதில் தேடுவதற்குள் நீங்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் இருட்டறையின் கறுப்புத் திரைக்கு வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

“நீங்க உள்ள போங்க. பாத்துச் சொல்லுங்க, நான் எழுதுறேன். சத்தமாச் சொல்லுங்க.”

உள்ளே உப்புத் தண்ணீரில் நனைத்த கல்நார் பர்னர் தீயில் மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது. நெருக்கமாகக் கோடு கீறிய சின்னக் கண்ணாடித் துண்டு வழியே அந்த வெளிச்சம் தொலைநோக்கிக்கு வரும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லத் திருப்பத் திருப்ப ஒரு மஞ்சள் கோடு உள்ளே வந்தது. குவியத்தைச் சரிசெய்ததும் அது இரண்டாகப் பிரிந்தது. தூரத்தில் ஒற்றைக் கோடாகத் தெரிகிற தண்டவாளம் கிட்டே வர வர இரண்டாகுமே, அப்படி.

“பாய்! கோடு ரெண்டா இருக்கு!”

“ரெண்டாதான் இருக்கும். புஸ்தகத்துல போட்டிருக்கே, இப்பத்தான் நம்புறீங்களா? அளவச் சொல்லுங்க.”

கைவிளக்கை ஒரு நொடி அளவுகோலின் மேல் காட்டி, படித்து, அணைத்துவிட்டுக் கத்தினேன். எழுதுகிற அளவுக்கு உள்ளே வெளிச்சம் இருந்தால் கோடு மங்கிவிடும். அதனால் எழுதுகிறவர் வெளியேதான் இருந்தாக வேண்டும். ஒரு நாள் நான் உள்ளே, ஒரு நாள் நீங்கள். காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில்கூட இவ்வளவு சத்தம் கிடையாது என்பீர்கள். உங்கள் எழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் இரண்டு பரிசோதனையை முதலிலிருந்து செய்தோம். சண்டையும் போட்டோம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டைப்பையிலிருந்து ஒரு மொட்டைக் கடுதாசியை எடுத்து நீட்டினார். ‘உங்கள் மகள் ஒரு பாயோடு இருட்டு அறையில் அடைந்து கிடக்கிறாள், விசாரித்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“இப்படி ஒரு ரூம் இருக்கா இல்லியா?”

“இருக்குப்பா.”

“வெளக்கு கெடையாதா?”

“கெடையாதுப்பா. ஆனா...”

“போதும். படிச்சவரைக்கும் போதும்.”

விடுமுறை முடிந்து ரயில் போயிற்று. நான் போகவில்லை. நடந்ததை உங்களுக்கு ஒரு கார்டில் நான்கு வரி எழுதி, இனி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். நீங்கள் நெரவிக்கு வந்து நின்றுவிடுவீர்களோ என்று பயம். வந்திருந்தால் கடுதாசியில் இருந்ததை ஊரே நம்பியிருக்கும்.

நீங்கள் வரவில்லை. அப்பா பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார், நானும் கூட இருந்தேன். தபால்காரர் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்தால் நம் இருவருக்கும் பொதுவான ஆய்வக நோட்டு. கூடவே ஒரு துண்டுக் காகிதம்:

“ஐயா, அந்த அறைக்குள் எழுத வெளிச்சம் இல்லை. ஒருவர் உள்ளே பார்ப்பார், ஒருவர் வெளியே, எல்லோரும் நடமாடும் இடத்தில் உட்கார்ந்து எழுதுவார். எந்தப் பக்கம் உங்கள் மகள் எழுத்து என்று உங்களுக்கே தெரியும்.”

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் கையெழுத்து தெரியும். வைக்கோல் போர் ஓரம் நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். என் எழுத்து, உங்கள் எழுத்து, என் எழுத்து, உங்கள் எழுத்து. ஒரு பக்கத்திலும் இரண்டும் கலந்திருக்கவில்லை. கடைசிப் பக்கம்வரை போய், திரும்ப முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தார்.

“யாரு இது, கோழி கெளறுன மாதிரி எழுதிவச்சிருக்கறது?”

“பாய்தாம்பா.”

“அப்ப இதுக்கெல்லாம் நீ உள்ள இருந்தியா?”

“ஆமாப்பா. நான் பாத்துச் சொல்லுவேன், அவங்க எழுதுவாங்க.”

“நீ சொல்றத அந்தப் புள்ள எழுதுமா?” இதைக் கேட்டபோது அப்பா குரல் மாறியிருந்தது. நோட்டை மூடி, மேலிருந்த தூசியைத் துண்டால் தட்டினார்.

“உள்ள என்னம்மா தெரியும்?”

சொன்னேன். மஞ்சள் கோடு, அது இரண்டாகப் பிரிவது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இருட்டு. எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாளைக்கு எத்தன மணிக்கு ரயிலு?” என்றார்.

திருச்சிக்கு வந்ததும் உங்களிடம் கேட்டேன், இப்படி ஒரு கடுதாசி வரும் என்று தெரிந்துதான் முதல் நாளே வெளியே உட்கார்ந்தீர்களா என்று.

“அதெல்லாம் இல்லீங்க. உள்ள புழுக்கம் தாங்கல.”

இத்தனை வருடம் யோசித்தும் அது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நோட்டு தபாலில் நெரவிக்குப் போய் என்னோடு திரும்பிவரும்வரை, கையில் நோட்டு இல்லாததால் உங்களை ஆய்வகத்துக்குள் விடவில்லை என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. பட்டம் வாங்கி வெகு காலம் கழித்து அங்கிருந்த உதவியாளர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் நீங்கள் குடும்ப வியாபாரத்துக்காகக் கப்பலேறிவிட்டீர்கள். பெருநாளுக்கு ஊர் வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து என் மாணவர்களைப் பற்றி விசாரிப்பீர்கள். நான் டீயும் பலகாரமும் கொடுத்தேன். நன்றி என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பாய்.

எனக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள். அந்த வீடுகளில் அனுப்பலாமா கூடாதா என்று பேச்சு எழுந்தபோதெல்லாம் அப்பாவே போய்ப் பேசினார். நான் வேலை பார்த்த பள்ளியில் ஆய்வக வகுப்பு தொடங்கினால் முதலில் ஒரு சுற்று நடந்து, யார் கையில் பென்சில் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். அழகாக எழுதுகிற பெண் எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பேன். அவன் முனகுவான். அவள் பயந்துகொண்டே கருவியின் பக்கம் நகர்வாள். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஒரு வாழ்நாள் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த மடலைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாளைக்கு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வேலை செய்ய உட்காரும்போது, ஒரு தடவை இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள்.