பெட்டியிலிருந்து இறக்கிய பேச்சு

ஜூலை 9, புதன்

விடாத மழை. சயான் ஸ்டேஷனில் தண்ணீர், ரயில் இல்லை. ஆபீஸ் போகவில்லை.

சனிக்கிழமை புது செட்டாப் பாக்ஸ் வருகிறது. பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அதில் பதிவானதை எல்லாம் லேப்டாப்புக்கு மாற்றியாக வேண்டும். முக்கியமாக என் மகள் திவ்யா ஆடிய பொங்கல் விழா. பென்டிரைவில் நகல் எடுத்தேன். லேப்டாப்பில் திறக்கவில்லை. அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடுமாம். கடுப்பு.

துணி காயவில்லை. உளுந்து வாங்க மறந்தாச்சு.

ஜூலை 10, வியாழன்

ஆபீஸில் ஷிண்டே மேடம் ஒரு சின்னக் கருவி கொடுத்தார். பாக்ஸுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே மாட்டி, டிவியில் ஓடவிட்டால் அப்படியே பதிவாகும். ஆனால் முழுக்க ஓட வேண்டும்.

திவ்யா ஆட்டம் ஏறிவிட்டது. அடுத்தது என் அக்கா செல்வி கலந்துகொண்ட டிவி பேச்சு நிகழ்ச்சி. மாட்டுங்கா ஹாலில் எடுத்தது. அப்பா இறந்த மறு வருஷம். நான்தான் பதிவு போட்டு வைத்தேன். "என் பேச்ச வெட்டிட்டானுவட்டி, பாக்காத" என்றாள். அப்போது பார்க்கவில்லை.

இன்று ஓடவிட்டால், வெட்டவில்லை.

"ரெண்டு வருசம் எங்கப்பாவ நாந்தான் பாத்தேன். தங்கச்சியும் பம்பாயிலதான் இருக்கா. எட்டிப் பாக்கல." அழுகிறாள்.

அப்பா கிடந்தது எங்கள் தாராவி வீட்டில். இதோ, இந்தக் கட்டிலில். பீ மூத்திரம் அள்ளியது நான். அவள் தேவ்நாரிலிருந்து தீபாவளிக்கு மட்டும் வருவாள்.

போன வருஷம் ஊரில் அத்தை என் முகம் பார்த்துப் பேசாதது இதனால்தான்.

அது கூடப் பரவாயில்லை. கேமரா கூட்டத்தைக் காட்டுகிறது. முன்வரிசையில் என் வீட்டுக்காரர். நீலச் சட்டை. கை தட்டுகிறார்.

அன்றைக்கு உல்லாஸ்நகருக்கு வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். டீயைக் கீழே வைத்தார்.

"செல்வி மைனி கூப்பிட்டாங்க. வீட்டாளுக யாராவது வேணும்னாங்க. இப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"கை தட்டுனியளே?"

"எல்லாரும் தட்டுனாங்க."

"வீட்டுக்கு வந்து சொல்லலியே?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவ."

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"டிவிக்காரன் உருக்கமாப் பேசச் சொன்னான், பேசினேன். இப்ப எதுக்குட்டி அதக் கிளறுத? ஞாயித்துக்கெழம என் வீட்டுல அப்பா திதி. மறக்காம வந்துரு."

வைத்துவிட்டாள். ஆபீஸில் ரெண்டு தடவை தப்பாக டைப் செய்தேன். தலைவலி மாத்திரை.

ஜூலை 12, சனி

புது பாக்ஸ் மாட்டியாச்சு. ரிமோட் புரியவில்லை. அக்கா பேச்சும் லேப்டாப்பில் பத்திரம். "அத எதுக்கு ஏத்துன?" என்றார் வீட்டுக்காரர்.

திவ்யா அதைப் பார்த்துவிட்டாள். "ம்மா, தாத்தா நம்ம வீட்டுலதானே இருந்தாங்க? பெரியம்மா ஏன் ஐசா போல்தி? ஏன் இப்படிச் சொல்றாங்க?" அவர் குளிக்கப் போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. நான் திதிக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். திவ்யாவும் வரமாட்டாளாம். அப்பா படத்துக்கு இங்கேயே பூ போட்டேன்.

"ஊர்லருந்து எல்லாரும் வந்திருப்பாங்க. நானும் போகலன்னா என்ன நெனப்பாங்க?" என்றார்.

"உங்க இஷ்டம்."

போகமாட்டார் என்றே நினைத்தேன். வேட்டி கட்டினார். தலை சீவினார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது எங்கள் மாடி வீட்டு இரும்பு ஏணியில் அவர் இறங்கும் சத்தம்.