மாப்பிள்ளைக் கறி தின்ற பூனைக்குட்டி

என் இலையில் வெறும் இடத்தைப் பார்த்தால் பொறுக்காத மாமாவுக்கு,

அடுத்த வாரம் உங்களுக்கு வருஷ திவசம். நீங்கள் இருந்தவரை "ஆமாங்க மாமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை, இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. இடஒதுக்கீட்டுப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. பத்து நாள் பஸ் ஓடுகிறது, அப்புறம் மறியல் என்று நின்றுவிடுகிறது. கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பாவம், ரோட்டோரப் புளியமரங்கள்தான் குறுக்கே விழுந்து கிடக்கின்றன. மரம் விழுந்தால் வெள்ளிமலை பஸ் கண்டக்டருக்கு வீட்டில்தான் டூட்டி. வீட்டில் டிரைவர் உங்கள் மகள் பூங்காவனம். நான் அங்கேயும் கண்டக்டர்தான்.

நீங்கள் போன அன்று பூங்காவனம் அழவில்லை. பதினாறாம் நாள் காரியத்திலும் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள், பாய் விரித்தாள், போகிறவர்களுக்குச் சில்லறை மாற்றிக்கூடக் கொடுத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அழாத மனுஷியை எப்படித் தேற்றுவது, சொல்லுங்கள்?

ஆறு மாதம் கழித்துக் களமருதூர் வீட்டைத் திறந்து பார்க்கப் போனோம். உங்கள் மடியைவிட்டு இறங்காதே, அந்தச் சாம்பல் பூனை, அதைக் காணோம். நெல் மூட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு குட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. பூங்காவனம் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "எங்கப்பா மடியில படுத்துக்கினு இருந்ததோட குட்டிங்க இது. இதுவும் போச்சுன்னா எனக்கு இன்னா மிச்சம்?" என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் தொரை. எனக்குப் பெயர் "இன்னாங்க, தொரைக்கு வாங்கியாந்தீங்களா?"

பால் சோறு போட்டோம். வயிற்றால் போனது. கறிக்கடை பாயிடம் கேட்டேன். "பூன இன்னா, எலிய வறுத்தா துன்னுது? பச்சக் கறியா போடுங்க கண்டக்டரே" என்றார். போட்டோம். வயிறு சரியாகிவிட்டது. அதுவரை நல்லதுதான்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வீட்டு வழக்கம் உள்ளே நுழைந்தது. பாய் எலும்போடு வெட்டிக் கொடுத்த கறியைப் பூங்காவனம் திருப்பி அனுப்பினாள். "எங்கப்பா மாப்ள எலையில எலும்பு வெச்சு பாத்திருக்கீங்களா? தொரைக்கு மட்டும் வெக்கறதா?" தொடைக்கறி, நரம்பு நீக்கி, ஜவ்வு உரித்து, நகத்தளவு துண்டாக நறுக்கி, தினம் நான்கு வேளை. தொரை உட்கார்ந்து தின்ன ஒரு மணை. நான் பக்கத்தில் ரசம் சோறு.

எதிர்வீட்டம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "கண்டக்டர் வூட்ல தெனம் கறி வாங்கறாங்க. கொயம்பு வாசனையே வரல. இன்னா பண்றாங்களோ!" யாரோ எங்கள் வாசல்படியில் எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டுப் போனார்கள். ரசத்துக்கு ஆயிற்று.

இப்படி ஒன்றரை மாதம். ஒரு நாள் காலையில் தொரை மணையில் ஏறவில்லை. தூக்கினால் கத்தினான். பின்னங்காலை இழுத்துக்கொண்டு இரண்டடி போய் உட்கார்ந்துவிட்டான். பூங்காவனத்தின் முகம் வெளுத்துப்போனது. நீங்கள் படுத்த படுக்கையானபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை மாமா.

அன்று பார்த்துத்தானா மறியல் வரவேண்டும்? ஊருக்குப் போயிருந்த மாட்டு டாக்டர் திரும்பி வர வழியில்லை. கச்சிராயபாளையத்தில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார்கள். என் பஸ் போகிற ரூட்தான், ஆனால் பஸ் இல்லை. சைக்கிளை எடுத்தேன். பின்னால் பூங்காவனம். அவள் மடியில் என் கண்டக்டர் பை, பைக்குள் தொரை.

பாதி வழியில் மரம். அதன்மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்களுக்கு என்னைத் தெரியும். "இன்னா கண்டக்டரே, பஸ் இல்லன்னாலும் ஆள் ஏத்தறத வுட மாட்டியா?" என்றான் ஒருவன். விஷயத்தைச் சொன்னேன். "பால் வண்டி வுடுவோம், புள்ளத்தாச்சிய வுடுவோம். பூனைய பத்தி ஒண்ணும் சொல்லலியே!" என்று யோசித்தான். இன்னொருவன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுக்கும் எதனா பங்கு கேப்போமா?" என்றான். அவர்களில் மூத்தவர், "பூன எந்தக் காலத்துலடா பங்கு கேட்டுது? சட்டியோட எடுத்துக்கினு போயிடும். தூக்குங்கடா சைக்கிள" என்றார். நான்கு பேர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். காலை அமுக்கிப் பார்த்தார். "இன்னா குடுக்கறீங்க?" என்றார். பூங்காவனம் பெருமையாகச் சொன்னாள், நரம்பு நீக்குவது உட்பட. அவர் சிரிக்கவில்லை.

"பச்சக் கறி தப்பில்லம்மா. எலிய புடிச்சா எலும்பு, ஈரல், இருதயம் எல்லாம் சேத்துத்தானே தின்னும்? நீங்க எலும்ப எடுத்துட்டு வெறும் சதைய குடுத்திருக்கீங்க. வளர்ற குட்டிக்கு சுண்ணாம்புச் சத்து எங்கேர்ந்து வரும்? கறியில இல்லாதத அது தன் எலும்புலேர்ந்தே எடுத்துக்குது. இப்ப எலும்பு மெத்துனு ஆயிடுச்சு."

பிறகு அவர் சொல்லச் சொல்ல, டிக்கெட் கட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். கோழிக் கழுத்தை எலும்போடு மசிய இடித்துக் கறியோடு கலக்க வேண்டும். வேகவைத்த எலும்பு ஆகவே ஆகாது, குத்திவிடும். கழுத்து கிடைக்காத அன்று முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக இடித்து ஒரு சிட்டிகை. கோழி இருதயம் கட்டாயம், அதிலுள்ள சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண் போய்விடுமாம். ஈரல் துளியூண்டு, ஜாஸ்தி ஆனால் அதுவும் கெடுதல். வாரம் இரண்டு நாள் மஞ்சள் கரு. அன்றைய கறி அன்றைக்கே. நாற்பது நாள் குதிக்கவிடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஒரு சத்து மருந்தும் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்.

"பொழைக்குமா?" என்று கேட்டாள் பூங்காவனம். "நாப்பது நாள் கழிச்சு சொல்றேன்" என்றார்.

திரும்பும்போது அதே மரத்தருகில் இறங்கி உட்கார்ந்தோம். மலை பக்கத்தில் நீலமாகத் தெரிந்தது. "எங்கையாலயே அது கால ஒடச்சிட்டேங்க. எங்கப்பா செஞ்ச மாதிரிதானே செஞ்சேன்" என்றாள்.

மாமா, எனக்கு வேறு வழி தெரியவில்லை. இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்கப்பா எனக்கும் அப்படித்தான் வெச்சாரு. பதினோரு வருசமா எலும்பில்லாத கறி தின்னுக்கினு இருந்தேன். எனக்கு எலும்புதான்டி புடிக்கும். நல்லிய பாத்தா நாக்கு ஊறும். மாமா எலையில கெடக்கறத பாத்துப் பாத்தே பாதி வயிறு ரொம்பிடும்."

என்னையே பார்த்தாள். சிரித்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் "அப்பா" என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள். ஏழெட்டு மாதமாக வராத அழுகை அத்தனையும் வந்துவிட்டது. மறியல்காரர்கள் ஓடி வந்தார்கள். "கண்டக்டரு அடிச்சிட்டாரா?" "இல்ல, பூன செத்துப் பூட்ச்சி போல." ஒருவன் கூழ் கொண்டுவந்து கொடுத்தான். அழுதுகொண்டே குடித்தாள்.

நாற்பது நாளும் தொரை உங்கள் பழைய டிரங்குப் பெட்டிக்குள் இருந்தான். மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை கட்டினேன். கழுத்து இடிக்கிற வேலை என்னுடையது. அம்மிச் சத்தம் கேட்டால் பெட்டிக்குள்ளிருந்து அவன் அதட்டுவான். நாற்பத்தோராம் நாள் வலையை எடுத்தோம். நின்றான். நடந்தான். இடது பின்னங்கால் கொஞ்சம் வளைவுதான். ஆனால் போன வாரம் எதிர்வீட்டில் ஏறிக் கருவாடு எடுத்துவந்தான். அந்தம்மா போட்ட கூச்சலைக் கேட்டுப் பூங்காவனம் பூரித்துப்போனாள்.

நேற்றுப் படையல் பற்றிப் பேச்சு வந்தது. "மாமாவுக்கு நல்லியும் நெஞ்செலும்புமா நெறைய வெச்சுடு, அவருக்கு அதுதானே உசிரு" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றாள். "எங்கப்பாவுக்கு ரெண்டு பக்கமும் கடவாப்பல்லு நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. எலும்ப எங்க கடிக்கறது? மெத்துனு இருக்கற கறிதான் புடிக்கும். அதெல்லாம் உங்க எலைக்குத் தள்ளிட்டு, வெறும் எலும்ப சப்பிக்கினு இருந்தாரு."

மாமா, ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்?

அடுத்த வாரம் பாயிடம் நானே போகிறேன். இளசான தொடைக்கறி, பஞ்சு மாதிரி வேகவைத்து, முழுக்க உங்கள் இலையில் வைப்பேன். ஒரு துண்டு என் பக்கம் தள்ளினாலும் திருப்பித் தள்ளிவிடுவேன், இந்த ஒரு தடவை "ஆமாங்க மாமா" கிடையாது. இது சத்தியம்.

உங்கள் பல்லைப் பார்க்காமல் பதினோரு வருஷம் சாப்பிட்ட,
உங்கள் ஒரே மாப்பிள்ளை,
கோவிந்தன்