கற்பூரத்தில் கறுத்த படம்

சித்தூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் நளினிக்கு அம்மா எழுதுவது. அந்த நார்வே குளிரில் உனக்குச் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க ஏழுமலையானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் தாளில் எழுதி எதிர்வீட்டு ஜமீலாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப்போகிறேன். எழுந்து ஓடாமல் முழுக்கப் படி.

போன வருஷம் சித்திரையில் நாங்கள் பெருமாளைப் பார்க்கத் திருப்பதி போனதாகச் சொன்னோமே, அது பொய். மாங்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது நைனாவுக்கு மூச்சு வாங்கி, அங்கே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். எக்கோ எடுத்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது, ஆறு மாசத்தில் மறுபடி வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நைனா என்னைச் சாமி முன்னால் நிறுத்தினார். பொண்ணு அங்க படிச்சிக்கினு கீது, இத்த சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடும், அது பேருக்கு முன்னாடி டாக்டர்னு வர்ற வரைக்கும் நீ வாயே தொறக்கக்கூடாதுடி என்று கற்பூரத்தை ஏற்றி, அதை என் உள்ளங்கையால் அடித்து அணைக்கவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெருமாள் படத்தின் கீழே வைத்து, மஞ்சள் தடவி, சனிக்கிழமை தவறாமல் அதற்கும் கிட்டக் கற்பூரம் காட்டிவந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை நளினி.

ஆறு மாசம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். நான் நல்லாத்தான் கீறேன், மண்டி மெஷின்ல ஏறி நின்னேன், நாலு கிலோ கூடிக்கீறேன் பாரு என்றார். எதையும் எழுதிவைக்காமல் என்னால் இருக்க முடியாது, உனக்குத் தெரியும். நோட்டில் நைனாவுக்கென்று தனிப் பக்கம் போட்டு, அன்றைக்கு என்ன எடை, மாடிப்படியில் எத்தனை தரம் நின்றார், மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை கேட்டார் என்று தினமும் குறித்தேன். எடை ஏற ஏற எனக்குச் சந்தோஷம், சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று இன்னொரு கரண்டி நெய் விட்டேன். அது சதை இல்லை, தேங்கிய தண்ணீர் என்று போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்கு நடக்கவே முடியாமல் போய், திரும்பவும் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். எக்கோ எடுக்கும்போது என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். உன் எக்கோ ஆராய்ச்சியைப் பற்றி நீ பேசும்போது, சத்தத்தை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து ரத்தம் ஓடுவதைப் பார்க்கிறோம், சிவப்பு என்றால் நம் பக்கம் வருகிறது, நீலம் என்றால் தள்ளிப் போகிறது, நல்ல ரத்தம் கெட்ட ரத்தம் இல்லை அம்மா என்று சொல்லித்தந்தது நினைவில் இருந்தது. திரையில், வால்வின் கதவு மூடியிருக்க வேண்டிய நேரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கலந்து பின்னால் பீறிட்டது. டாக்டர் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நீ சொல்லித்தராமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

பழைய படத்தைக் கொடுங்கள், எவ்வளவு கூடியிருக்கிறது பார்க்கலாம் என்றார். பையிலிருந்து எடுத்தால் தாள் முழுக்க அடுப்புக்கரி மாதிரி. கற்பூரப் புகை படிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அது சூடு பட்டால் கறுக்கிற தாளாம். ஏமம்மா, தேவுடு ரிப்போர்ட் சதிவாடா என்று டாக்டர் கேட்டார், சாமி ரிப்போர்ட்டைப் படித்தாரா என்று. நைனா மூச்சு வாங்கிக்கொண்டே, எனக்கு எடுத்த எக்கோவ பெருமாளுக்கு நைவேத்தியம் வச்சிட்டா சார் என்று சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நோட்டை நீட்டினேன். எழுத்து தமிழ், ஆனாலும் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. ஒரு தலையணை தையில் இரண்டாகி, ஆடியில் மூன்றாகியிருந்தது. டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அப்புறம் அவர் சிரிக்கவில்லை. போன வருஷம் சொன்னபடி ஆறு மாசத்தில் வந்திருந்தால் சுலபம், இப்போது இதயம் பெரிதாகிவிட்டது, ஆபரேஷனில் ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் அதைவிட ஆபத்து, இந்த மாசத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். எம்பொண்ணு இதே படிப்புதான் படிக்குது சார், அது பாத்து சொன்னா நான் படுத்துக்கறேன், ஆனா அது படிப்பு முடிய இன்னும் பத்து மாசம் கீது, அது போவட்டும் என்கிறார் நைனா. பஸ்ஸில் வரும்போதும் அதேதான்.

வாயால் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம், எழுதினால் குத்தமில்லக்கா என்று ஜமீலா ஆறுதல் சொன்னாள். பெருமாளை அப்படி ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. நான் சத்தியத்தை உடைத்துத்தான் எழுதுகிறேன். அந்தப் பாவம் அவர் மேல் போகாமல் என் மேலேயே நிற்கட்டும் என்று காலையில் விளக்கேற்றிச் சொல்லிவிட்டேன்.

ஒன்றரை வருஷமாக யார் யார் இதயத்தையோ நீ பார்த்துக்கொண்டிருக்க, உன் வீட்டில் இருந்ததை உன்னிடமிருந்து நான் மறைத்தேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவரிடம் கோபப்படாதே. நாளைக்குப் பேசும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, நல்லாக் கீறேன் என்பார். போனைத் திருப்பிக் காலைக் காட்டச் சொல்லு. விரலால் அழுத்தினால் விழுகிற பள்ளம் மூடுவதில்லை. புது ரிப்போர்ட்டை ஜமீலா இதோடு அனுப்புவாள், பெயரை மறைத்துக்கொண்டு வேறு யாருடையதோ என்று நினைத்துப் பார், பார்த்துவிட்டு அவரிடம் நீயே சொல்லு. நீ வருவதும் வராததும் உன் படிப்பைப் பார்த்து முடிவு செய். உன் வார்த்தை வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். வேளைக்குச் சாப்பிடு, அனுப்பின கேழ்வரகு மாவைக் கூழாவது காய்ச்சிக் குடி, காலுக்கு இரண்டு உறை போட்டுக்கொள். அலமேலு மங்கைத் தாயார் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே.

உன் நலமே நினைக்கும் அம்மா,
கங்கம்மா.

பின்குறிப்பு: இன்றைய பக்கத்தை இப்போதுதான் எழுதினேன். எடை எழுபத்தொன்று. படி ஏறவில்லை. தலையணை என்ற இடத்தில் எண் போட முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கினார்.