மீன் தொட்டிக்கு மேல ஜரிகைத் துணி

4 ஜூன் 2007, திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்குது. தொட்டித் தண்ணி சூடேறக் கூடாதுன்னு டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பியாச்சு. எனக்கு விசிறி.

சென்னை மீன் கடைக்காரருக்கு போன். பவழமும் இறாலும் இருக்கிற உப்புத்தண்ணித் தொட்டிக்கு எந்த ராஸ் மீன் ஒத்துப்போகும்னு கேட்டேன். "மூன் ராஸ் வேணாம்க்கா. பார்க்க அழகு, இறாலைத் தின்னுடும். ஆறு கோடு போட்டது சின்னதுதான், ஆனா ரௌடி, புதுசா யார் வந்தாலும் அடிக்கும். மஞ்சள் ராஸ் எடுங்க. பவழத்தைத் தொடாது, உங்க க்ளவுன் மீன் ஜோடிகிட்ட வம்புக்குப் போவாது. எகிறிக் குதிக்கும், அது ஒண்ணுதான். மேல வலை கட்டிடுங்க." என் பொண்ணு கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நான் இவ்ளோ விசாரிக்கல.

தொட்டி என் வீட்டுக்காரர் வச்சது. பக்கவாதம் வந்ததிலேர்ந்து வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. கட்டிலைத் தொட்டிக்கு எதிர்லயே போட்டிருக்கேன். மீன் போற பக்கம் கண்ணு போவுது. இடது கையைத் தூக்குறதும் மீனைக் காட்டத்தான். "அந்தத் தொட்டியை மட்டும் விட்டுடாதீங்க"ன்னு பிசியோதெரபி அம்மா சொல்லிட்டுப் போனாங்க. தொட்டி போச்சுன்னா இவரும் போயிடுவார். பயமா இருக்கு.

6 ஜூன், புதன்
மஞ்சள் ராஸ் பஸ்ல வந்து சேர்ந்துச்சு. எலுமிச்சம்பழக் கலர். தொட்டியில விட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள காணோம். உட்கார்ந்து அழுதேன். போன் போட்டா கடைக்காரர் சிரிக்கிறார். "மணலுக்குள்ள படுத்துகினு இருக்கும்க்கா. பயந்தா அப்படித்தான்."

வாங்க வேண்டியது: பால், அவர் மாத்திரை, வலை.

வலைக்கு எங்க போறது? பீரோவுல கவிதா கல்யாணச் சேலையில மீந்த துண்டு இருந்துச்சு. நம்ம தறியில நெய்த டிஷ்யூ பட்டு. குறுக்க ஓடுற ஊடை இழை பூரா ஜரிகை, கண்ணாடியாட்டம் உள்ள தெரியுது. மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி மேல வச்சுட்டேன். தொட்டிக்கே கல்யாணக் களை. அவர் இடது கையைத் தூக்கித் தூக்கி அதையே காட்டினார். பிடிச்சிருக்கு போல. ரொம்ப நாள் கழிச்சு எனக்கும் சந்தோஷம்.

10 ஜூன், ஞாயிறு
இறால் ரெண்டும் செத்துப்போச்சு. பவழம் சுருங்கிக் கிடக்கு. ராஸ் வேலைதான், வேற யாரு? பிடிச்சு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சுத் தொட்டிக்குள்ளயே தொங்கவிட்டேன்.

அவர் மறுபடி மேல கை காட்டுறார். தண்ணி வேணுமா? தலையாட்டி இல்லைன்னார். ஃபேனா? அதுவும் இல்ல. ஒரே பேஜார். "என்னாதான் வேணும் உங்களுக்கு?"ன்னு கத்திட்டேன். அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாவி நான்.

12 ஜூன், செவ்வாய்
தொட்டியில இருந்த நத்தையெல்லாம் கவுந்து கிடக்கு. டப்பாவுல கிடக்கிறவன் எப்படிக் கொலை பண்ணுவான்?

கடைக்காரர் சொன்னார்: "மீனெல்லாம் நல்லா இருக்கு, இறாலும் நத்தையும் மட்டும் சாவுதுன்னா தண்ணியில செம்பு கலக்குதுக்கா. துளி போதும்." எல்லாமே பிளாஸ்டிக் பக்கெட்டுதான் தம்பின்னேன். போனை வச்சுட்டு வந்து மேல இருந்த துணியைத் தூக்கினேன். உப்புத்தண்ணி தெறிச்ச இடமெல்லாம் பச்சை பூத்துச் சொட்டிகினு இருக்கு. அசல் வெள்ளி ஜரிகை பச்சை பூக்காது. இது செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் போட்ட ஜரிகை.

அந்த ஜரிகையை வாங்கினது அவர்தான். அசல்னுதான் எங்ககிட்ட சொன்னார். தன் குட்டு உடைஞ்சாலும் பரவால்லன்னு அத்தனை நாளா அந்தத் துணியைத்தான் காட்டியிருக்கார். நான் ரசிக்கிறார்னு நினைச்சுகினேன். கவிதாகிட்ட சொல்ல மாட்டேன். அந்தச் சேலையைக் கட்டிகினு எத்தனை விசேஷத்துக்குப் போயிருப்பா.

துணி குப்பைக்கு. பாதித் தண்ணி மாத்தி, செம்பை உறிஞ்சக் கரி போட்டு, ராஸைத் திறந்துவிட்டேன். மன்னிச்சுக்கடா சாமின்னு வாய்விட்டே சொன்னேன். நைலான் வலை கடைக்கு நாளன்னிக்குத்தான் வருமாம். வீட்டுக் கொசுவலை மருந்துல நனைச்சது. இனி கண்டதையும் மேல வைக்கிற தைரியம் எனக்கு இல்ல, அதுவரைக்கும் தொட்டி திறந்தே கிடக்கட்டும்.

13 ஜூன், புதன்
காலையில பின்பக்கம் துணி அலசிகினு இருந்தேன். உள்ளேர்ந்து ஒரு சத்தம். "காஞ்…" அவர் குரல். என் பேருல பாதி.

சோப்புக் கையோட ஓடினேன். முகத்தைப் பிடிச்சுகினு, இன்னொரு வாட்டி கூப்பிடுங்க, ஒரே ஒரு வாட்டின்னு கெஞ்சினேன். கூப்பிட்டார். "காஞ்… காஞ்…" நான் அழறேன், சிரிக்கிறேன். அவர் இடது கை கட்டிலுக்குக் கீழ காட்டிகினே இருந்துச்சு. அந்தக் கையையும் இழுத்துக் கண்ணுல ஒத்திகினேன்.

கால்ல ஏதோ வழுக்கினப்பறம்தான் குனிஞ்சேன். மஞ்சள் ராஸ். அசைவில்ல.

அப்புறம் அவர் கூப்பிடல. தொட்டியில க்ளவுன் ஜோடி சுத்திகினு இருக்கு, அதைப் பார்க்கவும் இல்ல. கட்டிலைத் திருப்பிப் போடவான்னு கேட்டேன். தலைகூட ஆட்டல.